லஹ் எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது?

இந்தோனேசிய மொழி ரொம்ப எளிது என்று யாராவது சொன்னால் பாதியை நம்பு, தங்கச்சி. வினைச்சொல்லுக்குக் கால விகுதி கிடையாது. நேற்று, இன்று, நாளை என்று பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆண்பால், பெண்பால் தொல்லையும் இல்லை. அவனும் அவளும் ஒரே ‘டியா’. எழுத்தோ நமக்கு ஏற்கெனவே பழகிய ரோமன் எழுத்து. கொஞ்ச நாளிலேயே கடைத்தெருவுக்குப் போய் வெங்காயமும் மிளகாயும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாய்.

மீதிப் பாதி, வாக்கியத்தின் ஓரங்களில் இருக்கிறது. லஹ், டோங், டெஹ், சிஹ், கோக், கான் என்று குட்டிக் குட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்கள். எடுத்துவிட்டால் செய்தி மாறாது. சொல்கிற ஆளின் முகம் மாறிவிடும். நம் இலக்கணத்தில் இடைச்சொல் என்கிறோமே, அந்த இனம். இவற்றில் மூத்தது லஹ். மற்றவற்றில் பல ஜகார்த்தாப் பேச்சு வழியாகப் பரவியவை. லஹ் மட்டும் பழைய மலாய்க் கதைகளிலும் உண்டு, பள்ளிப் பாடநூலிலும் உண்டு, பைக் டாக்ஸி ஓட்டுகிற ஓஜெக்காரர் வாயிலும் உண்டு. இந்த ஒன்று கைவந்தால் மற்றவை தானாக வரும் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் இது பிடிபடுவதற்கு முன் மற்றவற்றில் கை வைக்காதே.

அர்த்தம் கேட்காதே

லஹ் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்பதை முதலில் நிறுத்து. தமிழில் ‘தான்’ என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு ஜாவாப் பெண் உன்னைக் கேட்டால் என்ன பதில் சொல்வாய்? எங்கே போடுவோம், போட்டால் என்ன ஆகும் என்றுதான் சொல்ல முடியும். இதுவும் அப்படியே.

இந்தோனேசியாவின் தரநிலை இலக்கண நூல் ஒன்று இருக்கிறது; முதல் பதிப்பு 1988இல் வந்தது. அது லஹ்ஹுக்கு இரண்டு வேலை கொடுக்கிறது. கட்டளை வாக்கியத்தில் வந்தால் குரலைச் சற்று மென்மையாக்கும். செய்தி வாக்கியத்தில் வந்தால் சொன்னதைச் சற்று இறுக்கும். ஒரே சொல் இங்கே இளக்குகிறது, அங்கே இறுக்குகிறது. பாடப்புத்தகத்தோடு உட்காருகிறவர்கள் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான்.

நாம் குழம்ப வேண்டியதில்லை. ‘வா’ என்பதை இளக்க வேண்டுமானால் ‘வாயேன்’ என்கிறோம். ‘நான்’ என்பதை இறுக்க ‘நான்தான்’ என்கிறோம். ‘விடு’ என்பதோடு உறவையும் சேர்க்க ‘விடுப்பா’, ‘விடும்மா’ என்கிறோம். மூன்று வேலைக்கு நம்மிடம் மூன்று வால்கள் இருக்கின்றன. அவர்கள் ஒன்றை வைத்தே சமாளிக்கிறார்கள். ஆகவே சொல்ல நினைத்ததை மனதுக்குள் பேச்சுத் தமிழில் ஒரு தரம் சொல்லிப் பார். ‘ஏன்’, ‘தான்’, ‘ப்பா’ இந்த மூன்றில் ஏதாவது ஒரு வால் தானாக வந்து நின்றால் அங்கே லஹ் பெரும்பாலும் பொருந்தும். எதுவும் வரவில்லையா, லஹ்ஹும் வேண்டாம். நான் சொல்ல வந்த விதி இவ்வளவுதான். தனி ஏகாரத்துக்கே தொல்காப்பியர் ஐந்து பொருள் சொல்லி வைத்த மொழியிலிருந்து போகிறாய். ஒரு லஹ்ஹுக்குப் பயப்படலாமா?

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘லா’ என்று நீட்டாதே. குறில் ‘ல’, பின்னால் மூச்சு விடுவது போல ஒரு லேசான ‘ஹ்’. அழுத்தம் முன்னால் இருக்கும் சொல்லுக்குப் போகட்டும். லஹ் சட்டென்று விழுந்துவிட வேண்டும். நீட்டினால் வேறு குணம் வந்துவிடும், அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதும்போது முன் சொல்லோடு சேர்த்து எழுது. இடைவெளியோ சிறு கோடோ கூடாது. 1972இல் அரசு கொண்டுவந்த சீர்திருத்த எழுத்துமுறையிலும், அதன் 2022ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலும் விதி இதுவே. கேள்விக்கு வரும் ‘கஹ்’ஹும் இப்படித்தான் ஒட்டும். நம் ‘உம்’ போன்ற ‘புன்’ மட்டும் சில நிலைத்த சொற்கள் தவிரத் தனியே நிற்கும். வாட்ஸ்அப்பில் உன் தோழிகள் ‘இயா லஹ்’ (ஆமாம்ப்பா), ‘ங்காக் லஹ்’ (இல்லப்பா) என்று பிரித்துத்தான் அனுப்புவார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டவருக்கான பிபா வகுப்பின் தேர்வுத்தாளில் பிரித்து எழுதாதே, மதிப்பெண் போய்விடும்.

கட்டளை: ‘வாயேன்’ லஹ்

ஊர் போய் இறங்கியதும் உன் கண்ணில் படும் முதல் லஹ் அநேகமாகக் குப்பைத்தொட்டி பக்கத்தில்தான் இருக்கும். ‘புவாங்லஹ் சம்பஹ் பாடா தெம்பாத்ஞா.’ குப்பையை அதன் இடத்தில் போடுங்கள் என்று பொருள். ரயில் நிலையம், பள்ளிக்கூடம், பூங்கா என்று எங்கும் இந்தப் பலகை உண்டு. ‘ஜாகாலஹ் கெபெர்சிஹான்’, தூய்மையைக் காத்திடுங்கள், என்று இன்னொன்று. இரண்டிலும் லஹ்ஹை எடுத்துவிட்டுப் படித்துப் பார். காவலாளி அதட்டுவது போல ஆகிவிடும். லஹ் சேர்ந்ததும் அது வேண்டுகோளாகிவிடுகிறது.

இதே லஹ் பிரார்த்தனையிலும் வரும். மசூதியானாலும் மாதா கோயிலானாலும் கடவுளிடம் கேட்கும்போது ‘அம்புனிலஹ்’ (மன்னித்தருளும்), ‘பெரிகான்லஹ்’ (தந்தருளும்) என்றுதான் கேட்பார்கள். அவர்களுடைய தேசிய கீதத்திலும் இது பல இடங்களில் வருகிறது. வ. ரு. சுப்ரத்மான் இயற்றி, 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாட்டில் முதன்முதலாக வயலினில் வாசித்த பாட்டு அது. ‘வாழ்க’ என்று வாழ்த்தும் சொல்லில்கூட லஹ் ஒட்டியிருக்கிறது. ஆக, பலகை, பிரார்த்தனை, வாழ்த்து என எல்லாம் கொஞ்சம் மேடை ஏறிய இடங்கள். இதை மனதில் வைத்துக்கொள், அடுத்த விஷயம் அதைச் சார்ந்தது.

உன் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் ‘டுடுக்லஹ்’ (உட்காருங்கள்) என்று சொல்லலாமா? இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் ஜகார்த்தாவில் அது பழைய படத்து வசனம் போல ஒலிக்கும். மூத்தவர் இளையவரிடம் சொன்னால் வாஞ்சை; இளையவள் நீ மூத்தவரிடம் சொன்னால் அவரை நீ உட்கார வைப்பது போல ஆகிவிடும். அங்கே ‘சிலாக்கான் டுடுக், பு’ (தயவுசெய்து உட்காருங்கள், அம்மா) என்று சொல். இன்னும் வீட்டுப் பழக்கமாக இருக்க வேண்டுமானால் ‘டுடுக் டுலு, பு’. ‘டுலு’ என்றால் ‘முதலில்’. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் உட்காருங்கள் என்கிற உபசாரம் அது. தேநீரை நீட்டும்போது ‘சிலாக்கான் டிமினும்’. இதில் லஹ்ஹுக்கு இடமே இல்லை.

மரியாதையைத் தூக்கி நிறுத்துவது லஹ் இல்லை, விளிச்சொல். பாக், பு, மாஸ், ம்பாக், பாங், காக் என்று வயதுக்கும் ஊருக்கும் ஏற்ற விளி ஒன்று வாக்கியத்தில் இருந்தே ஆகவேண்டும். ம்பாக் என்பது ஜாவா வழக்கில் அக்கா. கடைப் பெண்ணையும் அலுவலகத் தோழியையும் அப்படியே கூப்பிடலாம். விளி இல்லாத லஹ்ஹைவிட, லஹ் இல்லாத விளி எவ்வளவோ மேல்.

அலுவலக மின்னஞ்சலில் கட்டளை லஹ் எழுதாதே. ‘மோஹோன்’ என்று ஆரம்பி. ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று நாம் எழுதுவது போல. சமையல் குறிப்பில் பார், லஹ் பெரும்பாலும் இருக்காது. வெங்காயத்தை வதக்கு, தேங்காய்ப்பாலை ஊற்று என்று மொட்டையாகத்தான் போகும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அது யாரையும் ஏவவில்லை.

வினைச்சொல்லின் உருவத்தில் ஒரு கண் வை. படி என்பதற்கு அகராதியில் ‘மெம்பாச்சா’ என்று இருக்கும். செயப்படுபொருள் உள்ள வினை கட்டளையாகும்போது முன்னால் இருக்கும் ‘மெம்’ கழன்றுவிடும்: ‘பாச்சாலஹ்’. மெம்பாச்சாலஹ் என்று சொன்னால் அது கட்டளை ஆகாது. ‘பெர்’ என்று தொடங்கும் வினைகளில் அந்த முன்னொட்டு அப்படியே இருக்கும்: ‘பெர்சபார்லஹ்’ (பொறுமையாக இரு), ‘பெர்ஹாத்தி-ஹாத்திலஹ்’ (கவனமாக இரு). பின்னால் எத்தனை ஒட்டு வந்தாலும் லஹ் கடைசியில்தான் நிற்கும்: ‘அம்பில்கான்லஹ்’ (எடுத்துக் கொடேன்).

வேண்டாம் என்று சொல்வதற்கு ‘ஜாங்ஙான்’. லஹ் சேர்த்து ‘ஜாங்ஙான்லஹ் மாரஹ்’ என்றால் ‘கோபப்படாதேயேன்’. கூட்டத்தை அழைக்க ‘மாரிலஹ்’, இது மேடைக்கு. தோழியைச் சாப்பிடக் கூப்பிட ‘மாக்கான் யுக்’ போதும். அவளிடம் போய் மாரிலஹ் என்றால் சிரிப்பாள்.

செய்தி: ‘தான்’ லஹ்

இது நமக்கு வெல்லம். ‘இனிலஹ்’ என்றால் இதுதான். ‘இத்துலஹ்’ என்றால் அதுதான். ‘டி சினிலஹ்’ என்றால் இங்கேதான். ‘இத்துலஹ் செபாப்ஞா’ என்றால் அதுதான் காரணம். எந்தச் சொல்லைத் தூக்கிக் காட்ட வேண்டுமோ அதை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து, அதன் மேல் லஹ்ஹை ஒட்டு.

ஆளைச் சுட்டும்போது மட்டும் ஒன்றைக் கவனி. ‘சாயாலஹ் யாங் மெனெலெபோன் தாடி’ (சற்று முன் போன் செய்தது நான்தான்). லஹ்ஹுக்குப் பின்னால் ‘யாங்’ வந்திருக்கிறது பார். தமிழில் ‘போன் செய்தது’ என்று வினையைப் பெயராக்குகிறோம் அல்லவா, அந்த வேலையை யாங் செய்கிறது. டியாலஹ், சாயாலஹ் என்று ஆரம்பித்துவிட்டு யாங் இல்லாமல் வினைக்குப் போனால் வாக்கியம் நொண்டும்.

தினசரிப் பேச்சில் இதற்கும் லஹ் தேவைப்படுவது குறைவு. ‘சாயா யாங் நெலெபோன்’ என்றாலே ‘நான்தான்’ வந்துவிடுகிறது. லஹ் சேர்த்தால் சபையில் எழுந்து நின்று சொல்வது போல இருக்கும். கட்டுரையில் எழுது, மேடையில் பேசு, சண்டையில் பயன்படுத்து. ‘புக்கான்லஹ்’ (அல்லவே அல்ல), ‘திடாக்லஹ்’ (இல்லை) இரண்டும் இதே ரகம். ‘திடாக்லஹ் முடஹ்’, எளிதே அல்ல, என்று தலையங்கத்தில் படிப்பாய்; சந்தையில் கேட்க மாட்டாய்.

இழுத்தால் ஒன்று, வெட்டினால் ஒன்று

உன் அன்றாடத்துக்கு உண்மையில் உதவப்போவது இந்தப் பகுதிதான். லஹ் ஒட்டி ஒட்டித் தனிச்சொல்லாகவே உறைந்துவிட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகக் காதால் கற்றுக்கொள்.

‘பாயிக்லஹ்’ நம்முடைய ‘சரி’. கூட்டத்தைத் தொடங்குகிறவர், வகுப்பை ஆரம்பிக்கிற ஆசிரியர், நிகழ்ச்சித் தொகுப்பாளர் எல்லாரும் இதைச் சொல்லித்தான் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். யாரிடமும் சொல்லலாம், ஆபத்து இல்லாதது.

‘ஷுக்குர்லஹ்’, ‘உந்துங்லஹ்’. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது, விமானம் தவறவில்லை, மழைக்கு முன் துணி எடுத்தாயிற்று. இப்படி ஒரு செய்தியை யாராவது சொன்னால் உடனே வரவேண்டிய சொல் ஷுக்குர்லஹ். ‘நல்லவேளை, கடவுள் புண்ணியம்’ என்று நாம் சொல்லாமல் இருப்போமா? வெறுமனே தலையாட்டிவிட்டு நின்றால் இவளுக்கு ஒட்டுதல் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

‘சுடஹ்லஹ்’. ஜகார்த்தாவில் இது ‘உடஹ்லஹ்’. சுடஹ் என்றால் ‘ஆயிற்று’. அழுகிற பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னால் ‘விடும்மா, போகட்டும்’. அதே சொல்லைப் புருவத்தை நெரித்து வெட்டிச் சொன்னால் ‘போதும், நிறுத்து’. எழுத்தில் இரண்டும் ஒன்று. அதனால் சண்டை நடுவே செய்தியாகத் தட்டி அனுப்பாதே. நீ தேற்றினாயா, வாயை மூடச் சொன்னாயா என்று எதிராளிக்குத் தெரியாது.

‘இயாலஹ்’ இன்னும் மோசம். தாழ்த்திச் சொன்னால் ‘ஆமாம்ப்பா’. உயர்த்தி இழுத்து ‘யா இயாலாஆஹ்’ என்றால் ‘பின்னே இல்லையா, இதைக்கூடக் கேட்கணுமா’ என்கிற குத்தல். தோழிகளுக்குள் வேடிக்கை. மாமியார் வயதுள்ளவரிடமோ மேலதிகாரியிடமோ வாய் தவறியும் வேண்டாம். ‘ஆயோலஹ்’, ‘தோலோங்லஹ்’ இரண்டும் அளவாகச் சொன்னால் கெஞ்சல், இழுத்தால் சலிப்பு. தோலோங் என்பதே உதவி கேட்கும் பணிவான சொல். அதோடு லஹ் சேர்ந்தால் ‘எத்தனை தடவை கேட்கிறது’ என்கிற தொனி எட்டிப் பார்த்துவிடும். கடையிலோ அலுவலகத்திலோ உதவி கேட்கும்போது லஹ்ஹை விட்டுவிட்டு, கடைசியில் ஒரு ‘யா’ சேர்த்துக்கொள்: ‘தோலோங் யா, மாஸ்’. இளக்கும் வேலையை அந்த யா அழகாகச் செய்துவிடும்.

‘தெர்செராஹ்லஹ்’ கேட்டால் உஷாராகு. தெர்செராஹ் என்றால் உன் விருப்பம். லஹ் சேர்ந்து, முகமும் திரும்பிவிட்டது என்றால் ‘என்னமோ பண்ணு’ என்று அர்த்தம். கணவன்மார்களும் மனைவிமார்களும் அங்கேயும் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள், அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

‘எந்தஹ்லஹ்’ என்பது பெருமூச்சோடு ‘யாருக்குத் தெரியும்’. அலுவலகத்தில் கேள்வி கேட்டால் இதைப் பதிலாகச் சொல்லாதே, பொறுப்பில்லாதவள் என்று பெயர் வரும். ‘பியார்லஹ்’ என்றால் ‘இருந்துட்டுப் போகட்டும்’. எப்படிப் போகிறது என்று கேட்டவரிடம் கதை சொல்ல மனமில்லையா? ‘யா, பெகித்துலஹ்’: ‘ஏதோ போயிட்டிருக்கு’. பாராட்டு வந்து கூச்சமாக இருந்தால் ‘சியாபாலஹ் சாயா’. நான் எம்மாத்திரம் என்று நாம் சொல்வதேதான்.

பாராட்டிலும் விலையிலும்

நீ சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு ‘எனாக்’ என்றால் ருசி. ‘எனாக் பாங்ஙெட்’ என்றால் ரொம்ப ருசி. ‘லுமாயான்லஹ்’ என்றால் பரவாயில்லை ரகம். ‘போலேஹ்லஹ்’ என்றாலும் தேறும் என்றுதான் பொருள். இங்கே லஹ் பாராட்டை ஏற்றவில்லை, ஒரு படி இறக்கியிருக்கிறது. ‘ஓகே’ என்றால் சம்மதம். ‘ஓகே லஹ்’ என்றால் முக்கால் சம்மதம். ஆசாரியிடம் வியாழக்கிழமைக்குள் அலமாரி தயாராகுமா என்று கேட்கிறாய். ‘பீசா, பு’ என்று நேராகச் சொன்னால் நம்பு. ‘பீசாலஹ்’ என்று இழுத்தால் புதன்கிழமை ஒரு தரம் போன் செய்து கேட்டுவிடு.

எண்களில் லஹ்ஹுக்குத் தனிப் பயன் உண்டு. ‘செஜாம்லஹ்’ என்றால் ‘ஒரு மணி நேரம்னு வச்சுக்கோயேன்’. கறாரான ஒரு மணி நேரம் இல்லை; ஜகார்த்தா நெரிசலில் அதை நம்பிக் கிளம்பாதே. பேரம் பேசும்போது இது உனக்குக் கை கொடுக்கும். அவர் முப்பதாயிரம் ருப்பியா என்கிறார், நீ பதினைந்து என்கிறாய், கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் ‘டுவா புலுஹ் ரிபுலஹ், பு’ என்று சொல்: ‘இருபதுன்னு முடிச்சுக்கலாம்மா’. ஆரம்பத்திலேயே இதைச் சொன்னால் வேலைக்காகாது. முடிக்கிற இடத்தில்தான் லஹ் வேலை செய்யும். பேரம் கொஞ்சலாக இருக்க வேண்டுமானால் ‘குராங்ஙின் டோங்’ (குறைச்சுக்கோங்களேன்) இருக்கிறது. டோங் என்பது உரிமையோடு வற்புறுத்தும் சொல், பழகின கடையில் மட்டும்.

லஹ் மாதிரி இருக்கும், லஹ் இல்லை

‘லஹ்’ என்று முடியும் சொல்லெல்லாம் இந்த வகை இல்லை. மசாலஹ் (பிரச்சினை), ஜும்லஹ் (தொகை) அரபியிலிருந்து வந்தவை. செகோலஹ் (பள்ளி) போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். சாலஹ் (தவறு), காலஹ் (தோற்பது), லெலஹ் (களைப்பு), செதெலஹ் (பிறகு) இவற்றிலும் லஹ் சொல்லின் உடம்பு, ஒட்டு அல்ல. படிக்கும்போது வெட்டிப் பார்த்துக் குழம்பாதே.

நேர்மாறாக, லஹ் உள்ளே இருந்தும் கண்ணுக்குத் தெரியாத சொல் ‘அடாலஹ்’. இருக்கிறது என்று பொருள்படும் ‘அடா’வும் லஹ்ஹும் சேர்ந்து உறைந்தது. ‘இயாலஹ்’ என்று எழுதப்படும் இன்னொரு சொல்லும் உண்டு. மேலே குத்தலாகச் சொன்னோமே, அது இல்லை; இது ‘இயா’ என்ற படர்க்கைச் சொல்லோடு லஹ் சேர்ந்தது. தமிழில் எழுதினால் ஒன்று போலத் தெரிந்தாலும் ரோமன் எழுத்தில் வேறு வேறு. அடாலஹ், இயாலஹ் இரண்டும் எழுத்து நடையில் ‘ஆகும்’ என்கிற வேலை பார்க்கின்றன.

ஆங்கிலம் வழியாக இந்த மொழிக்கு வருகிறவர்கள் ‘நான் ஆசிரியை’ என்பதற்கு ‘சாயா அடாலஹ் குரு’ என்று எழுதித் தள்ளுவார்கள். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அடையாள அட்டையைப் படிப்பது போல இருக்கும். பேச்சில் ‘சாயா குரு’ போதும். தமிழிலும் ‘நான் ஆசிரியை’ என்று இரண்டே சொல்லில் முடிக்கிறோம். நீ தமிழ் வழியாகவே போ, இந்த வம்பு வராது. ‘அடாலஹ் மெருப்பாக்கான்’ என்று இரண்டு ‘ஆகும்’களை அடுக்குவது அங்கே உள்ளூர்க்காரர்களே செய்யும் தவறு, மொழி ஆசிரியர்கள் ஓயாமல் திருத்துகிறார்கள்.

ஊருக்கு ஊர்

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இருந்தால் ‘லா’ உனக்குப் புதிதாக இருக்காது. அங்குள்ள தமிழர் பேச்சிலும் அது கலந்துவிட்டது. அந்தப் பழக்கத்தோடு ஜகார்த்தாவில் வாக்கியத்துக்கு வாக்கியம் போட்டால் மலேசியாவிலிருந்து வந்தவள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாவமில்லை, ஆனால் காதுக்கு உறுத்தும். ஜகார்த்தாவில் லஹ் செய்கிற பல வேலைகளை டோங்கும் டெஹ்ஹும் பங்குபோட்டுக்கொண்டுவிட்டன. விட்டுக்கொடுக்கும்போது ‘இயா டெஹ்’ என்பார்கள். சரி, உன் இஷ்டப்படியே.

சுமத்ராவின் மெடான் பக்கம் போனால் கதையே வேறு. மலாய் மணம் வீசும் அந்தப் பேச்சில் லஹ் தாராளமாகப் புழங்கும், நீ அள்ளிவிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் கம்போங் மெட்ராஸ் அங்கேதான் இருக்கிறது. பழைய மாரியம்மன் கோயிலும் அங்கேதான். போனால் ஒரு நாள் கோயில் வாசலில் நின்று கேட்டுப் பார்.

பழைய கதைநடையில் ஆர்வம் இருந்தால் இன்னொரு லஹ்ஹையும் சந்திப்பாய். ‘டாத்தாங்லஹ்’ (வந்தான்), ‘பெர்கிலஹ்’ (போனான்) என்று கதையை நகர்த்தும் வினைகளின் மேல் ஒட்டியிருக்கும். கட்டளை இல்லை, அழுத்தமும் இல்லை. அடுத்து நடந்தது இது என்று கேட்பவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும். மொழியியலாளர் பால் ஹாப்பர் 1979இல் இதை ஆராய்ந்து எழுதினார்; அவர் எடுத்துக்கொண்ட நூல்களில் ஒன்று முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு. மலாக்காவில் பிறந்த அப்துல்லாவின் (1796–1854) குடும்பத்துக்கு நாகூரோடு தொடர்பு உண்டு. சிறு வயதில் தமிழும் படித்தவர். இன்றைய பேச்சில் இந்த லஹ் கிடையாது. பிள்ளைகளுக்கான கதைப்புத்தகங்களில் மட்டும் பார்க்கலாம், நீ பயன்படுத்த வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வந்த புதிதில் பாயிக்லஹ், ஷுக்குர்லஹ், லுமாயான்லஹ், சுடஹ்லஹ் இந்த நான்கை மட்டும் வாயில் வைத்துக்கொள். மற்றவற்றைக் கொஞ்ச காலம் காதால் கேள். யார் யாரிடம் சொல்கிறார், எந்தக் குரலில் சொல்கிறார் என்று பார். பெரியவர்களிடம் கட்டளை லஹ் வேண்டவே வேண்டாம், சிலாக்கானும் ஒரு ‘பு’வும் போதும்.